‘சிறு காயம்’ என்று எழுதியிருக்கிறார்கள், ஜூட்

ஜூட்,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாக இருக்கிறாயா இல்லையா என்பதுதான் நமக்குள் நடக்கிற சண்டையே. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் கத்தினேன். நீ பாதியில் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான்கு தடவை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தில் நான் பேசும்போது நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். மெதுவாக வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை ஏழு வருடம் இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும்.

உன் அணியின் சீசன் இதழ் ஒவ்வொரு வசந்தத்திலும் நம் வீட்டுக்கு வருவது உனக்குத் தெரியும். இந்த முறை அதைத் தபாற்பெட்டியிலிருந்து எடுத்துவந்தது அம்மா. முன்னட்டையைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று, “இஞ்ச பாருங்கோ, இது எங்கட பிள்ளைதானே?” என்றாள். பழைய படமாக இருக்கும் என்றேன். பழைய படமில்லை. ஹெல்மெட்டில் இந்த வருடம் புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடு இருந்தது. உள்ளே ஒரு முழுப் பக்கம் உன்னைப் பற்றி. ‘பாதுகாப்பின் இதயம் திரும்பி வருகிறது’ என்று தலைப்பு. கீழே, கடந்த ஆண்டு ஏற்பட்ட சிறு காயத்திலிருந்து ஐம்பத்து நான்காம் இலக்க வீரர் முழுமையாக மீண்டுவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். அம்மா ஜெர்மன் வரிகளை விரல் வைத்துத்தான் வாசிப்பாள். அந்த வரியில் விரல் நின்றது. “சிறு காயம் எண்டே போட்டிருக்கு?” என்று கேட்டாள். ஓம் என்றேன். புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு லீக்ஸ் வெட்டப் போனாள். நான்கு மாதத்துக்கு முன்னால், நத்தார்ப் பண்டிகை அன்று, அதே மேசையில் இருந்து, “அம்மா, முடிஞ்சுது. இனி விளையாட மாட்டன்” என்று நீ சொன்னாய். அவள் மறுநாளே குளிரோடு குளிராகக் கேவலார் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். அவளுக்கு ஒரு சொல் சொல்லாமல் நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் தாய் அதைத் தபாற்பெட்டியில் எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தின் முடிவிலும் மன்னிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் சொன்ன ஒன்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன். “உங்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் அப்பா?” என்று கேட்டாய். உனக்கு முன்பே நான் இந்த அணியை அறிவேன். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, பிறகு மேற்கே வந்து, அகதி விடுதியில் இரண்டு வருடம் சும்மா கிடந்த பிறகு டுசல்டோர்ஃபில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை அரங்கங்களைத் துப்பரவாக்குவது. உன் அணி ஹெரன்ஸ் விளையாடிய மறுநாள் காலையில் மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசை வரை பிளாஸ்டிக் கோப்பைகளும் கடுகுச் சாந்து பூசிய காகிதங்களும் கிடக்கும். கதிரைகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் நான் அமெரிக்கக் கால்பந்தைக் கற்றேன். மிதிபட்டுக் கிடந்த நிகழ்ச்சி இதழ்களை வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்து, அகராதியோடு இருந்து வாசித்தேன். நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும் என்ற விதியை எனக்குச் சொல்லித் தந்தவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்ட கிரவுஸ். மண்வெட்டியால் புல்லில் கோடு கிழித்துக் காட்டினார்.

கிரவுஸ் அந்த அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தெற்கே ஓர் அமெரிக்கப் படைமுகாமில் வேலை செய்த நண்பன் கொண்டுவந்த ஒரே ஒரு பந்துதான் தொடக்கம் என்பார். எல்லாருக்கும் ஹெல்மெட் இருக்கவில்லை. ஆட்டத்திலிருந்து வெளியே வருகிறவன் தன்னுடையதைக் கழற்றி, உள்ளே போகிறவனின் தலையில் வியர்வையோடு கவிழ்ப்பானாம். பிறகு அமெரிக்கர்கள் தங்கள் பெரிய லீக்கின் கிளை ஒன்றை ஐரோப்பாவில் திறந்தார்கள். அணியின் பெயரையும் நாரைச் சின்னத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய அரங்கத்துக்குப் போனார்கள். நடனப் பெண்கள், இறைச்சி சுடும் புகை, காதைக் கிழிக்கிற பாட்டு. ‘நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்’ என்று பெரிய திரையில் எழுதினார்கள். ஒரு கோடையில், லாபமில்லை என்று அந்தக் குடும்பத்தை மூடினார்கள். அலுவலகத்தைக் காலி செய்ய வந்தவர்கள் வீரர்கள் மோதிப் பழகும் பொம்மைகளைக் குப்பைப் பெட்டியில் எறிந்தார்கள். நானும் கிரவுஸும்தான் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய், நான் அப்போது காவலாளியாகச் சேர்ந்திருந்த பள்ளிக்கூடத்தின் களஞ்சிய அறையில் வைத்தோம். அதற்குப் பிறகு பல வருடம் அணி ஒரு புறநகர்ப் புல்வெளியில் கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வீரர்களின் தாய்தகப்பன். கோடுகளுக்கு கிரவுஸே சுண்ணாம்பு போட்டார். பிறகு புதிய ஐரோப்பிய லீக், புதிய உரிமையாளர், மறுபடியும் பெரிய அரங்கம், மறுபடியும் குடும்பம். அந்த உரிமையாளர் இரண்டாம் வருடம் விலகினார். இப்போது வந்திருக்கிறவர் மூன்றாவது ஆள். இந்த இதழிலும் முதற்பக்கத்தில் அவர் ‘குடும்பம்’ என்றுதான் தொடங்குகிறார். உன்னுடைய அணியின் வரலாறு இதுதான். அது சாகும், மறுபடி பிறக்கும், பழைய சட்டையையே புது ஆளுக்குப் போட்டுவிடும். அணிக்கு அது முடியும். ஒரு மனிதனின் தலைக்கு அது முடியாது.

ஆனால் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான். “நீங்கதானே என்னை முதல் கூட்டிக்கொண்டு போனது” என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது உண்மைதான். புறநகர்ப் புல்வெளிக் காலத்தில், உனக்குப் பதினான்கு வயதில், முதல் பயிற்சி முடிந்து மழைச் சேற்றோடு காருக்குள் ஏறி, “எனக்கு இது வேண்டாம் அப்பா” என்று நீ சொன்னாய். நான் காரை எடுக்கவில்லை. இன்னும் மூன்று பயிற்சிக்குப் போ, அதற்குப் பிறகு சொல் என்றேன். மூன்றாவது பயிற்சியில் உன்னைவிட ஒரு தலை உயரமான ஒருவனை நீ மல்லாக்க விழுத்தினாய். அன்று திரும்பி வரும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாய். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது சொல்ல வெட்கமானது. இந்த நாட்டு அலுவலகங்களில் என் பெயரை முழுதாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. முதலெழுத்தை மட்டும் சொல்லி, மிச்சத்தை விட்டுவிட்டு, கையைக் காட்டி ‘நீங்கள்தானே’ என்பார்கள். பத்திரங்களில் என் பெயர்தான் உனக்குக் குடும்பப் பெயர். நீ பெரிய அரங்கத்தில் இறங்கிய முதல் நாள் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், ‘ஐம்பத்து நான்காம் இலக்கம், ஜூட்...’ என்று நிறுத்தினார். அரங்கம் முழுவதும் சேர்ந்து மிச்சத்தைக் கத்தியது. அவர்கள் கத்தியது என் பெயர். நான் குனிந்து கோப்பை பொறுக்கிய அதே வரிசைகளிலிருந்து ஒரு அசையும் பிசகாமல் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகை வந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் அடிமையானேன், ஜூட். நீ விளையாடுவது உனக்காக என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்காகவும்தான்.

இனிப் போன வருடத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட் கடைசியில் அந்த வழக்கமான லீக் ஆட்டம். நீ ஓடி வந்தவனைக் குறுக்கே மறித்தாய், அவன் முழங்கால் உன் ஹெல்மெட்டின் பக்கத்தில் பட்டது. நீ எழுந்தாய். எழுந்து, நேரே நடந்து, எதிரணியினர் இருக்கும் வாங்குக்குப் போய் அவர்களுடைய வீரர்களுக்கு நடுவே நின்றாய். மக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அணிக்காரன் ஒருவன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். காரில் வரும்போது நீ என்னிடம் யார் வென்றது என்று கேட்டாய். சொன்னேன். பாலம் தாண்டியதும் மறுபடி கேட்டாய். வீட்டு வாசலில் மறுபடி கேட்டாய். அதற்கும் நான் பகிடிதான் விட்டேன். கிரவுஸ் சொல்லுகிற கதை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டம் முடிந்து டிராமில் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, இது எந்த ஊர் என்று பேக்கரிக்காரியிடம் கேட்ட கதை. அதை அவர் சொல்லச் சொல்ல நாம் மூன்று பேரும் எத்தனை தடவை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். இந்த மாரிக் குளிரில் நான் கிரவுஸிடம் போய், அது உண்மையில் எப்படி நடந்தது என்று கேட்டேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே, “எந்தத் தடவை?” என்று கேட்டார். அது ஒரு தடவை நடந்ததில்லை. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரும் கேட்கவில்லையே. எல்லாரும் சிரித்தீர்கள்” என்றார்.

அடுத்து வருவதை அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். உனக்கு அது தெரியும், ஏனென்றால் நீ அங்கேயே இருந்தாய். ஆனால் எழுத்தில் இருக்கட்டும். அரையிறுதி அந்த அடிபட்ட ஆட்டத்துக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. மூளையதிர்ச்சி என்று எழுதி உன்னை நம் வீட்டில் ஓய்வெடுக்க அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை அணியின் டொக்டர் தொலைபேசியில் வந்தார். வீட்டில் உன்னோடு இருக்கிற ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். நான்தான் எடுத்தேன். நீ மாடிப்படியில் இருந்தாய். தலையிடி இருக்கிறதா, வெளிச்சம் பார்க்க முடிகிறதா, நித்திரை எப்படி, பேச்சில் மாற்றம் ஏதும் உண்டா என்று அந்த மனுசி ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கேட்டார். உன் அறையில் மூன்று நாளாகத் திரைச்சீலை மூடியிருந்தது. காலையில் சாப்பிட்டதையெல்லாம் நீ சத்தி எடுத்திருந்தாய். நீ படியிலிருந்து என்னைப் பார்த்தாய், தலையை மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினாய். நான் சொன்னேன்: “எல்லாம் நல்லாக இருக்கிறது, டொக்டர். சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான், பகிடி விடுகிறான்.” அவர் நன்றி சொன்னார். நான் தொலைபேசியை வைத்ததும் நீ படியால் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். இவ்வளவு வயதில் நீ என்னைக் கட்டிப்பிடித்தது எப்போது என்று யோசித்துப் பார். அந்தப் பொய்க்கு நீ எனக்குத் தந்த கூலி அது. நானும் வாங்கிக்கொண்டேன். நீ ஏமாற்றினாய், நான் சாட்சி சொன்னேன். எனக்கு இறுதியாட்டம் வேண்டியிருந்தது. கதிரைகளுக்கு அடியில் குனிந்த காலத்திலிருந்து அந்த அணி ஓர் இறுதியாட்டத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மூன்றாம் காற்பகுதியில் நீ விழுந்தாய். அது பெரிய அடிகூட இல்லை. ஆயிரம் தடவை நீ தாங்குகிற சாதாரண மோதல். ஆனால் விழும்போது உன் கைகள் முன்னால் வரவில்லை. தூக்கத்தில் விழுகிறவன் மாதிரி விழுந்தாய். பாட்டை நிறுத்தினார்கள். அம்மா செபமாலையை எடுக்கப் பையைத் திறந்தாள், எல்லாம் கீழே கொட்டியது. உன்னைத் தூக்கு படுக்கையில் வெளியே கொண்டுபோகும்போது மறுபடி பாட்டைப் போட்டார்கள். நான் அம்புலன்ஸில் உன்னோடு வந்தேன். முன்னால் சாரதியின் வானொலியில் முடிவு சொன்னார்கள். ஹெரன்ஸ் இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றது. உன் மூக்கில் ஒக்சிசன் குழாய் இருந்தது, கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. அந்த நிலையிலும் எனக்குள் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோசம் எழும்பியது. இதை இதுவரை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். எப்படிப்பட்ட விளையாட்டு ஒரு தகப்பனை அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நீ ‘கொஞ்ச நாள் ஓய்வு’ என்று நீ கட்டப்போகிற டிலானியின் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறாய். அது எத்தகைய ஓய்வு என்று நான் சொல்கிறேன். அம்மா தன் கல்யாணக் கூறையை யன்னலுக்குக் குறுக்கே கட்டினாள், சாதாரணச் சீலைக்குள்ளால் வெளிச்சம் வந்து உன்னைக் குத்தியதால். கரண்டி கோப்பையில் பட்டால் நீ காதைப் பொத்தினாய். சம்பல் இடிக்க அவள் கீழே நிலவறைக்குப் போனாள். மூன்றாம் மாதம் வேலைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று போன நீ, மத்தியானமே திரும்பி வந்தாய். மின்வேலைக்கு மேலே ஏற வேண்டும், உதவியாளிடம் ஏணி கேட்க வேண்டும், உனக்கு ஏணி என்ற சொல் ஜெர்மனிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. கையால் படி படியாகக் காட்டினாயாம். அதை எனக்குச் சொல்லும்போது நீ அழுதாய். உன் முதலாளி நல்ல மனிதர், உனக்கு இடம் வைத்திருந்தார். உன் அணி என்ன செய்தது? தலைவர் வந்து எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு சட்டையைத் தந்தார். உன் கட்டிலருகே நின்று படம் எடுத்தார்கள். படம் எடுக்க விளக்கைப் போட்டார்கள், ஜூட். அந்த அறையில் விளக்கைப் போட்டார்கள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மரியாதைக்காக. அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பங்குனியில் அழைத்தார்கள், ஏனென்றால் உன் இடத்துக்கு வாங்கிய ஆள் வேறு அணிக்குப் போய்விட்டான்.

“ஒரு சீசன் மட்டும் அப்பா. இந்த முறை நாங்க வெல்லுவம்” என்றாய். சரி, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த சீசனை ஒரு ரசிகனாகவே பார்க்கிறேன். இதழை முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். புதிய குவாட்டர்பாக் நல்லவன்தான், தூர எறிவான், ஆனால் ஐரோப்பாவில் ஓர் ஆட்டமும் ஆடாதவன். முதல் மூன்று ஆட்டங்களும் வெளியூரில். அவன் இங்கே பழகுவதற்குள் பாதிப் பருவம் போய்விடும். அவன் பந்தை இழக்க இழக்கப் பாதுகாப்பு அணி அடிக்கடி களத்தில் நிற்க வேண்டி வரும். அந்தப் பாதுகாப்பைப் பார். உனக்கு முன்னால் நின்ற இரண்டு மலைகளும் போய்விட்டன. அவர்கள் இரண்டு பேரும் எதிரணியின் பெரிய ஆட்களைத் தாங்கிக்கொண்டதால்தான் நீ பின்னால் சுதந்திரமாக நின்று, பந்தோடு வருகிறவனைத் தேடிப் பிடித்தாய். அவர்களுக்குப் பதிலாகப் போட்டிருப்பவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். இனி எல்லாரும் அந்த ஓட்டையால் நேரே உன்மீது வருவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் வருவார்கள். எதிரணிப் பயிற்சியாளர்கள் முட்டாள்கள் இல்லை, உன் தலையில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியும். இந்த அணி இந்த வருடம் நடுத்தரமாக வரும். முதல் நாலுக்குள் வந்தால் அதிசயம். கிரவுஸிடமும் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். நடுத்தர அணி ஒன்றுக்காக நீ உன் ஞாபகத்தைக் கொடுக்கப் போகிறாய். அவர்கள் வெல்லும் அணியாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. ஆனால் உனக்கு அந்த ஆசையைக் காட்டியிருப்பதால் சொல்கிறேன், அதுவும் பொய்.

“இது என்ர தலை, நான் பாத்துக்கொள்ளுறன்” என்றாய். திங்கட்கிழமை டிலானி வேலை முடிந்து நேரே இங்கே வந்தாள். மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். நீ விளையாடப் போவது அவளுக்குத் தெரியும், அவள் சம்மதித்துவிட்டாள் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய்.

“மாமா, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். மாமிக்கு முன்னால கேட்டாலும் பரவாயில்லை” என்றாள். “போன கிழமை மண்டபம் பாக்கப் போனனாங்கள். ரண்டு பேரும் சேந்துதான் பாத்தனாங்கள். வெள்ளிக்கிழமை இவர் என்னட்ட, எப்ப மண்டபம் பாக்கப் போறம் எண்டு கேட்டார். நான் பகிடி எண்டு நினைச்சன். பகிடி இல்லை. முந்தியும் இப்பிடி இருந்ததோ?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

“நீ அவனிட்டக் கேட்டியோ, பிள்ளை?” என்று அம்மா கேட்டாள்.

“கேட்டன், மாமி. களைப்பு எண்டார். வீட்டில சொல்லவேண்டாம் எண்டார். என்னால ஏலாது. புரட்டாசியில கலியாணம். நான் ஆரைக் கட்டுறன் எண்டு எனக்குத் தெரியவேணும்தானே.”

அந்தப் பிள்ளை அழவில்லை. கோபமாக இருந்தாள். என்னையும் பார்த்துத்தான் அந்தக் கோபம். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாது, ஆனாலும் என்னைப் பார்த்து. அவளை பஸ்தரிப்பு வரை கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்து, சமையலறையில் அம்மாவிடம் அந்தப் புதன்கிழமைத் தொலைபேசிக் கதையைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, “நீங்களோ” என்றாள். ஒரு சொல்தான். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னை எத்தனையோ ஏச்சு ஏசியிருக்கிறாள், ஒன்றும் இப்படி உள்ளே போகவில்லை. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்று காலை நான் அணியின் டொக்டரிடம் போனேன். நேரம் குறித்து டெர்மின் எடுக்காமலே போனேன். வரவேற்பில் இருந்தவள் முடியாது என்றாள். நான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தேன். பதினொரு மணிபோல டொக்டரே வெளியே வந்து கூப்பிட்டார். கதிரையில் இருக்கவும் கூச்சமாக இருந்தது, நின்றுகொண்டே சொன்னேன். போன வருடம் நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்றேன். மூடின திரைச்சீலை, சத்தி, மூன்று தடவை கேட்ட கேள்வி, ஏணி, தை மாதம் வரை இருந்த தலையிடி, போன கிழமை மண்டபம், எல்லாவற்றையும் சொன்னேன். என் ஜெர்மன் பல இடங்களில் தடுக்கியது. அவர் குறுக்கே பேசவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் பேனையை வைத்துவிட்டு, “அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் நான் அவரைக் களத்தில் இறக்கியிருக்க மாட்டேன்” என்றார். தெரியும் என்றேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அதற்கு அவருக்கு என் நன்றி. உனக்குக் கொடுத்திருந்த தகுதிச் சான்றை நிறுத்திவைத்திருக்கிறார். நரம்பியல் மருத்துவர் முழுவதும் சோதித்து எழுதித் தரும்வரை நீ பயிற்சியில்கூட ஹெல்மெட் போட முடியாது. நாளைக்கு உன் தபாற்பெட்டியில் நானே போடப்போகிற இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே கோச் உனக்குச் சொல்லியிருப்பார். அப்போது நீ யோசித்திருப்பாய், யார் இதைச் செய்தது என்று. நான்தான். டிலானி இல்லை, அம்மா இல்லை. அவர்கள்மேல் பாயாதே.

நீ என்னை வெறுக்கலாம். கலியாணத்தில் என்னைப் பின்வரிசையில் இருத்தலாம், வரவேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று நீ சொல்வாய், அது சரிதான். போன வருடம் உனக்குப் பிடித்ததைச் செய்து உன்னைக் கெடுத்தேன். இந்த வருடம் உனக்குப் பிடிக்காததைச் செய்கிறேன். உனக்கு இருபத்தெட்டு வயது, சோதனையின் முடிவு நல்லதாக வந்து, எல்லாம் தெரிந்துகொண்டு நீ விளையாடப் போனால் என்னால் மறிக்க முடியாது. ஆனால் தெரியாமல் போக விடமாட்டேன். என் வாயால் இனி ஒரு பொய் உனக்காக வராது. என் சீசன் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் என் பெயரைக் கத்தட்டும், கத்தாமல் விடட்டும், எனக்கு அது வேண்டாம்.

நரம்பியல் மருத்துவரிடம் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அணியின் டொக்டரே பேசி எடுத்துத் தந்தார், இல்லாவிட்டால் ஆடிக்குத்தான் கிடைத்திருக்கும். எட்டே முக்காலுக்கு நான் உன் வீட்டுக்குக் கீழே காரோடு நிற்பேன். அம்மா முன்சீற்றில் இருப்பாள். அவளும் என்னோடு பேசுவதில்லை, ஆனால் வருகிறேன் என்றாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் எனக்கு நேர் பின்னால் இரு, கண்ணாடியில்கூட என் கண் உனக்குத் தெரியாது. போய்ச்சேரும் வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். இறங்கி வா, ஜூட்.

அப்பா